புதுப்பிப்பு: டீசல் பிக்கப்புக்கு எந்த ஆயில், எப்போது மாற்றுவது

பாரம் இழுக்கும் டீசல் பிக்கப்புக்கு 15டபிள்யூ-40 ஆயில் (எண்கள் அதன் கெட்டித்தன்மையைக் குறிக்கும்) போதுமா, 5டபிள்யூ-40 சிந்தெடிக் வேண்டுமா, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்று முன்பு கேட்டிருந்தேன்.

5டபிள்யூ-40 ஊற்றிவிட்டேன். இன்ஜின் சூடான பிறகு இரண்டும் ஒரே 40 கிரேடுதான். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் வித்தியாசம், அப்போது 5டபிள்யூ எளிதாக ஓடும். டப்பாவில் ஏபிஐ சிகே-4 (டீசல் இன்ஜின் ஆயிலுக்கான தர வகை) இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். எஃப்ஏ-4 என்பது இன்னொரு தர வகை, இன்னும் மெல்லிய ஆயில், மேனுவல் அனுமதித்தால் மட்டும்.

இடைவெளி விஷயம்தான் சுவாரசியம். பழைய ஆயிலைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் தேய்மான உலோகங்கள் குறைவு, ஆனால் ஆயிலில் டீசல் கலந்திருந்தது. காரணம் குறுகிய ஓட்டங்கள். புகைக்குழாயில் இருக்கும் புகைக்கரி வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்ய இன்ஜின் கூடுதலாக டீசல் தெளிக்கும். அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கிவிடும். சுத்தம் முடியுமுன் வண்டியை நிறுத்தினால் அடுத்த ஓட்டத்தில் மறுபடி தொடங்கும், இன்னும் கலக்கும். ஆயில் இளகிப்போகும். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறினால் சந்தேகப்படுங்கள். கருப்பு நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், டீசலில் அது சகஜம்.

சரி, இப்போது மேனுவலில் கடினப் பயன்பாட்டுக்கு (பாரம் இழுப்பது, குறுகிய ஓட்டம் போன்றவை) சொன்ன குறைந்த இடைவெளியைப் பின்பற்றுகிறேன், ஆயில் ஃபில்டரும் சேர்த்து. அடுத்த மாற்றத்திலும் மாதிரி அனுப்புவேன்.