புதுப்பிப்பு: தண்ணீர்மலை ஓட்டமும் என் வயிறும்

பினாங்கில் தண்ணீர்மலைப் பக்கம் வெயிலில் ஓடினால் எட்டாவது கிலோமீட்டரில் வயிறு முறுக்குகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேனே, இப்போது பரவாயில்லை.

வெயிலில் ஓடும்போது ரத்தம் தோலுக்கும் தசைக்கும் போய்விடுகிறது. குடலுக்குப் பஞ்சம்; அதன் சுவர் கசியத் தொடங்குகிறது. நானோ முழங்கால் வலிக்கு முன்கூட்டியே ஐபுபுரோஃபென் வேறு விழுங்கிக்கொண்டிருந்தேன்! அது குடல்சுவரை இன்னும் கெடுக்கும். முதலில் அதைத்தான் நிறுத்தினேன்.

அப்புறம் சாப்பாடு. காலை ரொட்டி சானாய் (எண்ணெயில் சுடும் மலேசியப் பரோட்டா), பருப்புக் குழம்புக்கு விடுமுறை. வெள்ளை ரொட்டியும் ஜாமும்தான். ஓடும்போது சீனி, ஒரு சிட்டிகை உப்பு கலந்த ஐஸ் தண்ணீர், இருபது நிமிடத்துக்கு நாலு மிடறு. மணிக்கு 30 கிராம் சீனி உள்ளே போகிறது. முதல் வாரம் வயிறு தளும்பியது, பிறகு பழகிவிட்டது.

நேற்று 12 கிலோமீட்டர். கழிவறை தேடவில்லை.