இரவு 2 மணிக்கு ஆஸ்துமா இழுப்பு வந்தால் பம்ப் (இன்ஹேலர்) கொடுத்துப் பார்ப்பதா, உடனே 108-ஐக் கூப்பிடுவதா?

விடுதிப்பொறுப்பு:

பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவிகள் தங்கும் விடுதி. சேர்க்கைப் படிவத்தில் ஆஸ்துமா என்று எழுதித் தந்தவர்கள் ஆறு பேர். இரவில் இருப்பது காப்பாளர் ஒருவர், காவலாளி ஒருவர். இருவரும் மருத்துவம் படித்தவர்கள் இல்லை. அரசு மருத்துவமனை 14 கிலோமீட்டர் தள்ளி. அலுவலக அறைச் சுவரில் ஒட்ட ஒரே பக்கத்தில் ஒரு தாள் தயாரிக்கிறேன்.

எழுத எழுத சில இடங்களில் முட்டுகிறது. எந்த அறிகுறியைப் பார்த்தவுடன் 108-ஐ அழைக்க வேண்டும், எதற்கு முதலில் பம்ப் கொடுத்துப் பார்க்கலாம்? பம்ப் என்றால் எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில்? விரலில் மாட்டி இரத்த ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 95 சதவீதம் காட்டினால் காத்திருக்கலாமா? "விசில் சத்தம் அடங்கிவிட்டது, சரியாகிவிட்டாள்" என்று பணியாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், அது சரியா? விடுதி வேன் வாசலிலேயே நிற்கும்போது ஆம்புலன்சுக்குக் காத்திருப்பது அவசியமா?

அவசரப்பிரிவு_செவிலி:

தாளின் முதல் வரியாக "பேசச் சொல்லிப் பார்" என்று பெரிதாக எழுதுங்கள். பெயர், வகுப்பு, ஊர் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லச் சொல்ல வேண்டும். முழு வாக்கியமாக வந்தால் பம்ப் கொடுத்துக் கவனிக்க நேரம் இருக்கிறது. இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினால் அது கடும் தாக்குதல். ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும், அதே நிமிடம் மற்றவர் பம்ப் கொடுக்கத் தொடங்க வேண்டும். "பம்ப் வேலை செய்யாவிட்டால் அழைக்கலாம்" என்ற விதி லேசான தாக்குதலுக்கு மட்டும்தான். வாக்கியம் முடிக்க முடியாத பெண்ணுக்கு அந்த விதியைப் போட்டால் இருபது நிமிடம் வீணாகும்.

பேச்சோடு சேர்த்து உடம்பையும் பாருங்கள். படுக்க முடியாமல் கையை முட்டியில் ஊன்றி முன்னால் குனிந்திருப்பது, ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறுவது, தொண்டைக்குழியும் விலா இடுக்கும் உள்ளே வாங்குவது எல்லாம் கடும் தாக்குதலின் அடையாளம். கடிகாரம் வைத்து 30 விநாடி மூச்சை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். இந்த வயதில் 25-ஐத் தொட்டாலே கவனம், 30-ஐத் தாண்டினால் கடுமை. நாடித்துடிப்பு 120-க்கு மேல் போவதும் அப்படித்தான். ஆனால் பம்ப் மருந்தே துடிப்பை ஏற்றும் என்பதால் மருந்துக்கு முன் எடுத்த எண்ணுக்குத்தான் மதிப்பு அதிகம்.

தூக்கக் கலக்கம், குழப்பமான பேச்சு, "விடுங்க, படுத்துக்கிறேன்" என்று சோர்ந்து சாய்வது, நாக்கோ உதட்டின் உட்புறமோ நீலம் அல்லது சாம்பல் நிறமாவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வேறு எதையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், அழையுங்கள். மாநிறம், கறுப்பு நிறத் தோலில் முகத்தைப் பார்த்தால் நீலம் தெரியாது. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

சத்தம் பற்றிக் கேட்டீர்கள். இந்த ஒரு தவறான நம்பிக்கையை உங்கள் பணியாளர்கள் மனதிலிருந்து எடுத்தாலே தாள் பயன்பட்டுவிடும். குறுகிய குழாய் வழியாகக் காற்று ஓடினால்தான் விசில் கேட்கும். குழாய் மேலும் அடைத்து, பெண்ணும் களைத்துவிட்டால், ஓடுகிற காற்று குறையும், சத்தமும் அடங்கும். அமைதியான நெஞ்சுதான் ஆஸ்துமாவில் மிக ஆபத்தான நிலை. சத்தம் குறைந்தபோது பேச்சு நீண்டதா, தோள் இறங்கியதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் தேறுகிறாள்.

ஆக்சிமீட்டர் 92-க்குக் கீழ் காட்டினால் அழைப்பதில் கேள்வியே இல்லை. 95 காட்டுவது மட்டும் காத்திருக்கக் காரணம் ஆகாது. தொடக்கத்தில் வேகவேகமாக மூச்சு இழுத்து ஆக்சிஜனைத் தக்கவைத்துக்கொள்வார்கள், தசை களைத்த பிறகு எண் இறங்கும். அதாவது இந்தக் கருவி தாமதமாகத்தான் சொல்லும். நகப்பூச்சு, மருதாணி, குளிர்ந்த விரல் எல்லாம் அளவைக் கெடுக்கும். கருவி 95 என்கிறது, பெண்ணால் மூன்று சொல்தான் வருகிறது என்றால் பெண்ணை நம்புங்கள்.

நெஞ்சகநோய்_பிரிவு:

செவிலி மேடம் சொன்னதோடு முழுதும் ஒத்துப்போகிறேன். பம்ப் பகுதியை நான் எழுதுகிறேன்.

நிமிர்த்தி உட்கார வையுங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் 100 மைக்ரோகிராம் பம்பைக் குலுக்கி ஸ்பேசரில் (பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் பிளாஸ்டிக் கூடு) பொருத்தி ஒரே ஒரு முறை அழுத்துங்கள். ஸ்பேசர் வழியாகவே நான்கைந்து சாதாரண மூச்சு. மறுபடி குலுக்கி அடுத்தது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் 30 முதல் 60 விநாடி. இப்படி 10 பஃப் (ஒரு அழுத்து ஒரு பஃப்) வரை போகலாம். அவசரத்தில் நாலைந்து பஃப்பை மொத்தமாக ஸ்பேசருக்குள் அடிப்பார்கள்; துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிதாகிச் சுவரில் ஒட்டிவிடும், நுரையீரலுக்குப் போவது குறைந்துவிடும். குலுக்காமல் அடித்தால் மருந்தின் அளவு ஒவ்வொரு முறையும் மாறும்.

லேசான தாக்குதலில், 10 பஃப் முடிந்தும் தேறவில்லை என்றாலோ இடையிலேயே மோசமானாலோ 108. வண்டி வருவதற்குள் பத்து நிமிடம் கடந்து நிலைமை அப்படியே இருந்தால் இன்னொரு 10 பஃப் கொடுக்கலாம். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். மருந்தின் இயல்பு அது. "ஓவர்டோஸ் ஆகிவிடும்" என்று பயந்து மூச்சுத்திணறலோடு உட்கார வைப்பதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து.

தேறியவளை ஒரு மணி நேரமாவது தனியே விடாதீர்கள். சால்பியூட்டமாலின் பலன் சுமார் நான்கு மணி நேரம் நிற்க வேண்டும். அதற்குள் மறுபடி தேவைப்பட்டால் தாக்குதல் அடங்கவில்லை என்று பொருள். விடியும்வரை காத்திராமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

விடுதிப்பொறுப்பு:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். ஆறு பேரில் மூவர் வைத்திருப்பது பம்ப் இல்லை, பொடி அடைத்த மாத்திரை போட்டு உறிஞ்சும் ரொட்டாஹேலர். ஒருத்தியிடம் ஃபார்மோட்டரால் கலந்த இன்ஹேலர் மட்டும்தான் இருக்கிறது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் டெரிஃபிலின் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது?

நெஞ்சகநோய்_பிரிவு:

ரொட்டாஹேலரில் பொடியை உள்ளே இழுப்பது நோயாளியின் மூச்சு வேகம்தான். கடும் தாக்குதலில் அந்த வேகமே இருக்காது. பொடி கருவியிலும் வாயிலுமே தங்கிவிடும். அன்றாடத்துக்கு அது நல்ல கருவிதான். விடுதியின் அவசரப் பெட்டியில் மட்டும் பம்பும் ஸ்பேசரும் தனியாக இருக்கட்டும். மூவரின் மருத்துவரிடமும் எழுத்தில் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபார்மோட்டரால் விஷயம் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டியது. ஃபார்மோட்டரால், பியூடசோனைடு இரண்டும் கலந்த இன்ஹேலரை நிவாரணியாகவும் (தாக்குதல் நேரத்தில் உடனே கொடுக்கும் மருந்தாகவும்) பயன்படுத்தலாம், ஃபார்மோட்டரால் சீக்கிரம் வேலை செய்யும். மருத்துவர் அப்படி எழுதித் தந்திருந்தால் ஒரு பஃப், சில நிமிடம் பொறுத்து இன்னொன்று என்று ஒரே தாக்குதலில் 6 பஃப் வரை. அதற்கும் அடங்கவில்லை என்றால் 108. சால்மெட்டரால் கலந்தது வேறு. அது மெதுவாக வேலை செய்யும், தாக்குதலில் கொடுக்கக் கூடாது. பியூடசோனைடு மட்டும், ஃப்ளூட்டிகசோன் மட்டும் உள்ள தடுப்பு இன்ஹேலரும் அந்த நேரத்துக்கு உதவாது. டப்பாவின் நிறத்தை வைத்து முடிவு செய்யாமல் மருந்தின் பெயரை வாசித்து, ஒவ்வொரு மாணவியின் பெயருக்கு எதிரே தாளில் எழுதிவிடுங்கள்.

ஊசி பற்றி: அது தியோஃபிலின் வகை. மூச்சுக்குழாயை விரிப்பதில் சால்பியூட்டமாலைவிடப் பலம் குறைவு. பலன் தரும் அளவுக்கும் வாந்தி, இதயத்துடிப்புக் கோளாறு தரும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கடும் தாக்குதலுக்கு இன்றைய வழிகாட்டுதல்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. தேவைப்படுவது ஆக்சிஜன், அடுத்தடுத்து சால்பியூட்டமால், கூடவே மூச்சுக்குழாயை விரிக்கும் இன்னொரு மருந்தான இப்ராட்ரோப்பியம், சீக்கிரமே குழாயின் உள்வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு வேலை காட்ட நான்கு மணி நேரமாவது ஆகும். சீக்கிரம் மருத்துவமனை சேர வேண்டும் என்று நாங்கள் நச்சரிப்பது அதனால்தான். ஆக்சிஜன் இல்லாத கிளினிக்கில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அந்த நான்கு மணி நேரமும் தள்ளிப்போகும்.

108_டெக்னீசியன்:

அழைக்கும்போது "உடம்பு சரியில்லை, சீக்கிரம் வாங்க" என்பது போதாது. "பதினாறு வயதுப் பெண், ஆஸ்துமா, மூச்சுத்திணறல், ஒரு வாக்கியம் பேச முடியவில்லை, 10 பஃப் கொடுத்தாச்சு." இப்படி ஒரே மூச்சில் சொன்னால் எந்த வண்டியை அனுப்புவது என்று அங்கேயே தெரிந்துவிடும். பிறகு ஊர், தெரு, பக்கத்து அடையாளம். தெரியாத எண்ணிலிருந்து வண்டியில் வருபவர்கள் கூப்பிடுவார்கள், அந்த போனில் அதற்குப் பிறகு யாரும் பேசக் கூடாது. பெற்றோருக்கு வேறு போனிலிருந்து சொல்லுங்கள். காவலாளி கேட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, சாலையில் நிற்க வேண்டும்.

மாடியிலிருந்து பெண்ணை நடத்திக் கூட்டிவராதீர்கள். இருபது படி இறங்குவதே மிச்சமிருக்கும் மூச்சைத் தின்றுவிடும். நாற்காலியில் உட்காரவைத்து இருவர் தூக்கலாம், அல்லது நாங்கள் மேலே வருகிறோம். ஸ்ட்ரெச்சரிலும் உட்கார்ந்தபடிதான். படுக்க வைத்தால் மூச்சு இன்னும் முட்டும்.

வேன் கேள்விக்கு என் பதில்: கடும் தாக்குதல் என்றால் 108-தான் முதல் தேர்வு. எங்கள் வண்டியில் ஆக்சிஜன் இருக்கிறது, மூச்சு நின்றால் பை வைத்து ஊத ஆள் இருக்கிறார். வேனில் ஓட்டுநர் சாலையைப் பார்ப்பாரா, பெண்ணைப் பார்ப்பாரா? ஆனால் வண்டி வர நேரமாகும் என்று அழைப்பில் சொன்னால் வீம்பாகக் காத்திருக்க வேண்டாம். எங்கே கொண்டுபோவது, வழியில் எங்களைச் சந்திக்க முடியுமா என்று அதே அழைப்பில் கேளுங்கள். 14 கிலோமீட்டருக்குள் இரவிலும் ஆக்சிஜனும் நெபுலைசரும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறதா என்பதை இப்போதே, பகலில் நேரில் போய்க் கேட்டு வையுங்கள். வேனில் போனால் பெண்ணோடு பின்னால் ஒருவர் பம்பும் ஸ்பேசருமாக உட்கார வேண்டும். பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோவது மட்டும் வேண்டவே வேண்டாம், வழியில் மயங்கினால் மூவரும் விழுவீர்கள்.

நாங்கள் வருவதற்குள் மூச்சு நின்றுபோனால் சமதரையில் படுக்கவைத்து 30 முறை நெஞ்சை அழுத்தி 2 முறை வாயோடு வாய் ஊதுங்கள், வண்டி வரும்வரை தொடருங்கள். இதற்கு ஒரு நாள் பயிற்சி இருவருக்கும் கொடுத்துவிடுங்கள்.

மருந்தாளுநர்_தெற்கு:

பெட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒரு சால்பியூட்டமால் டப்பாவில் 200 பஃப். மருந்து தீர்ந்த பிறகும் உள்ளே அழுத்த வாயு மிச்சம் இருக்கும். "புஸ்" என்று சத்தம் வரும், புகை மாதிரி வெளியே வரும், மருந்து மட்டும் இருக்காது. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது நம்பத்தக்க சோதனை இல்லை. எண் காட்டும் டப்பா வாங்குங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு பயன்பாட்டையும் நோட்டில் எழுதுங்கள். பல நாள் சும்மா இருந்த பம்பை முதலில் காற்றில் இரண்டு மூன்று முறை அடித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஸ்பேசர் உடைந்துபோனால் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்ப் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்கு ஓட்டை போட்டு, சுற்றிலும் காற்றுப் போகாமல் ஒட்டி, பாட்டில் வாய் வழியாக மூச்சு விடலாம். கேப் டவுன் மருத்துவர்கள் குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்து, விலை கொடுத்து வாங்கும் ஸ்பேசருக்கு நிகராக வேலை செய்வதாக 1999-இல் எழுதினார்கள்.

படிவத்தில் மூன்று கேள்வி சேருங்கள்: எப்போதாவது ஐசியுவில் செயற்கைச் சுவாசம் வைத்தார்களா, கடந்த ஓராண்டில் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தாளா, ஒரு நிவாரணி டப்பா எத்தனை நாளில் தீர்கிறது. முதல் இரண்டில் ஒன்றுக்கு "ஆம்" என்றாலும், மாதம் ஒரு டப்பா காலியானாலும், அந்தப் பெண் விஷயத்தில் 10 பஃப் முடியும்வரைகூடக் காத்திருக்காமல் சீக்கிரமே அழையுங்கள். டப்பா வேகமாகத் தீர்வது தடுப்பு மருந்து சரியாகப் போகவில்லை என்பதற்கும் அறிகுறி. வீட்டுக்குச் சொல்லி மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆவி பிடிப்பது, தைலம் தேய்ப்பது, சாம்பிராணி போடுவது எதுவும் அந்த நேரத்தில் வேண்டாம். வாசனையும் சூடும் சிலருக்கு இழுப்பைக் கூட்டும். தலைவலி என்று ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் கொடுக்கும் வழக்கம் விடுதியில் இருந்தால் இந்த ஆறு பேருக்கும் மருத்துவரைக் கேட்காமல் தராதீர்கள்.

அவசரப்பிரிவு_செவிலி:

ஒன்று விட்டுப்போயிற்று. சாப்பிட்டவுடனோ, குளவி கொட்டியவுடனோ, மாத்திரை போட்டவுடனோ இழுப்பு தொடங்கி, கூடவே தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, தலைச்சுற்றல் இருந்தால் அதை வெறும் ஆஸ்துமா என்று எண்ண வேண்டாம். அது கடும் ஒவ்வாமை. முதல் மருந்து தொடைத் தசையில் போடும் அட்ரினலின். பம்ப் அதற்கு ஈடாகாது. அழைப்பில் "ஒவ்வாமை" என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள். தலைச்சுற்றலும் இருந்தால் சட்டென்று எழுந்து நிற்கவிடாதீர்கள்; மூச்சு முட்டாத அளவுக்குச் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டியபடி இருக்கட்டும்.

விடுதிப்பொறுப்பு:

தாளில் "பேசச் சொல்லிப் பார்" முதல் வரியாகப் போய்விட்டது. 108 வந்தபோது பெண் தேறியிருந்தால் திருப்பி அனுப்பிவிடலாமா?

108_டெக்னீசியன்:

அனுப்ப வேண்டாம். வாக்கியம் பேச முடியாத நிலைக்குப் போனவள் தேறியதுபோல் தெரிவது சால்பியூட்டமாலால். குழாயின் உள்வீக்கம் அப்படியே இருக்கிறது, நான்கு மணி நேரத்தில் மருந்து இறங்கும்போது அது மறுபடி தலைதூக்கும், அப்போது அதிகாலை ஆகியிருக்கும். வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். கூடப் போகிறவர் கையில் அவள் பயன்படுத்தும் எல்லா இன்ஹேலர்களும், எத்தனை மணிக்கு எத்தனை பஃப் என்று எழுதிய சீட்டும் இருக்கட்டும்.