காமராசர் ஆட்சி, அண்ணா வழி: இன்றைய அரசியலோடு இந்த ஒப்பீடு உண்மையா, சாக்கா?

வைகைக்கரையான்:
நீட் பேச்சை எடுத்தாலே ஒரே பாட்டுதான். 2010-ல் அறிவிக்கை வந்தபோது மத்தியில் காங்கிரஸும் திமுகவும் தானே இருந்தீர்கள் என்று ஒருவர். 2017-ல் அது தமிழ்நாட்டுக்குள் வந்தபோது கோட்டையில் அதிமுகதானே என்று இன்னொருவர். படிக்கிற பிள்ளைகள் பற்றி யாரும் பேசுவதில்லை. பழைய தலைவர்கள் இப்படிப் பழியைக் கைமாற்றிவிடவில்லை. 1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்து நடந்ததும் லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகினார். காமராசர் 1963-ல் கட்சிப் பணிக்காக முதல்வர் நாற்காலியையே விட்டு எழுந்தார். இன்று அப்படி ஒருவரைக் காட்டுங்கள்.

கடலைப்பருப்பு:
அரியலூரையே எடுத்துக்கொள்வோம். சாஸ்திரி விலகினார், சரி. அப்போது துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசனை திமுக மேடைகள் என்ன பாடு படுத்தின? நீங்கள் ஆண்டது போதாதா, மக்கள் மாண்டது போதாதா என்று எதுகை போட்டு முழங்கினார்கள். மருதையாற்றில் வெள்ளம் வந்து பாதை அரித்துப் போனதற்கு அந்த மனிதர் என்ன செய்ய முடியும்? 1967-ல் 'காமராஜர் அண்ணாச்சி, கடலைப்பருப்பு விலை என்னாச்சு?' (என் புனைபெயர் அங்கிருந்து வந்ததுதான்.) 1965-ல் போர், அடுத்தடுத்து மழை பொய்த்த ஆண்டுகள், நாடு முழுக்க உணவுத் தட்டுப்பாடு. அதையெல்லாம் எந்த மேடையில் சொன்னார்கள்? பழி போடுவது அன்றும் இருந்தது. எதுகை மோனை நன்றாக இருந்ததால் நமக்கு இனிக்கிறது, அவ்வளவுதான்.

வைகைக்கரையான்:
மேடைப் பேச்சு வேறு, நடந்துகொண்ட விதம் வேறு. 1954-ல் குடியாத்தம் இடைத்தேர்தலில் காமராசருக்குத் திமுக ஆதரவு கொடுத்தது. அதே ஆண்டில், காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குத் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும் அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் காமராசர் தன் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார். 1967-ல் வென்ற அண்ணா திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்த்தார். அந்தத் தேர்தலில் பெரியார் காங்கிரசுக்கு ஓட்டுக் கேட்டவர்! இன்று எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலே கூட்டணி மாறுகிறதா என்று பிரேக்கிங் நியூஸ் போடுகிறார்கள்.

உண்மைத்தொண்டன்:
இரண்டு பேரும் எந்தக் கட்சி ஐடி விங்?

அரசமரத்தடி:
தம்பிகளா, 1952-ஐ இருவரும் வசதியாகத் தாண்டிவிட்டீர்கள். சென்னை மாகாண சட்டமன்றத்தில் 375 இடங்கள், காங்கிரசுக்குக் கிடைத்தது 152. தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து முதல்வர் ஆக்கினார்கள். காங்கிரசை எதிர்த்து ஜெயித்த காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். இன்று நடந்தால் இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? கட்சித்தாவல் தடைச் சட்டம் 1985-ல்தான் வந்தது.

கக்கனையும் சொல்லுங்கள். பதவி போன பிறகு மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண வார்டில் படுத்திருந்தவர். அந்த எளிமையில் பொய் இல்லை. ஆனால் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது போலீஸ் துறை அவரிடம்தான் இருந்தது. தனி வாழ்வின் நேர்மையை ஆட்சி முழுவதற்கும் சான்றிதழாக நீட்டுகிறோமே, அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

வைகைக்கரையான்:
கக்கன் மேல் குறை சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருகிறது, அய்யா?

அரசமரத்தடி:
குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னேன். தலைவரைக் கும்பிட ஆரம்பித்துவிட்டால் அவர் காலத்தை எடைபோட முடியாமல் போகிறது.

கடலைப்பருப்பு:
ஒரு விஷயத்தில் மட்டும் வைகைக்கரையான் பக்கம் வருகிறேன்: பணம். 1967-ல் விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்தவர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். இன்று ஒரு மாணவர் நின்றால் பூத் ஏஜெண்டுகளுக்குச் சாப்பாடு போடவே காசு இருக்காது. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே. நகர், 2019-ல் வேலூர் என்று பணப்பட்டுவாடா புகாரில் தேர்தல் ஆணையமே தேர்தலை நிறுத்திய பட்டியல் நம் மாநிலத்தில்தான் நீளுகிறது. இது அன்று இல்லை. அதே சமயம் வேட்பாளரின் சொத்து, வழக்கு விவரமும் அன்று நமக்குக் கிடைத்ததில்லை. 2003-க்குப் பிறகுதான் பிரமாணப் பத்திரம் கட்டாயம். 1957 வேட்பாளர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று எதை வைத்துச் சொல்வது?

வைகைக்கரையான்:
நான் சொல்வதும் வேறொன்று. அன்று பழி சொன்னவர்கள் சீக்கிரமே பொறுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். 'மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்றார்கள். 1967-ல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது, மாநிலம் முழுக்கக் கொண்டுபோக முடியவில்லை. எது நடந்தது, எது நடக்கவில்லை என்று யாரும் அளந்து பார்க்கலாம். இன்று எல்லாப் பழியும் தான் ஆட்சியில் இல்லாத ஆண்டுகளைப் பார்த்தே நீளுகிறது.

அரசமரத்தடி:
அப்படியானால் கச்சத்தீவை எடுங்கள். 1974 ஒப்பந்தம், 1976 ஒப்பந்தம். பிறகு மத்திய ஆட்சியில் யார் இல்லை? 1998-ல் அதிமுக, 1999 முதல் 2003 வரையும் 2004 முதல் 2013 வரையும் திமுக, காங்கிரஸ் பல முறை, 2014 முதல் பாஜக. ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வந்தது. மேடையில் 1974-ஐப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். உங்கள் கட்சி உள்ளே இருந்த ஆண்டுகளில் டெல்லிக்கு என்ன எழுதினீர்கள் என்று அவரவர் தொண்டர்கள் அவரவர் தலைவரிடம் கேட்டதுண்டா?

கடலைப்பருப்பு:
கேட்டால் மறுநாள் அவர் தொண்டரே இல்லை, அய்யா. சாஸ்திரி கதையிலும் ஒரு பாதியை விட்டுவிட்டோம். அரியலூருக்குச் சில மாதம் முன்னால் மகபூப்நகர் விபத்துக்கும் அவர் ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. இரண்டாவது முறை ஏற்றார். இன்றும் கடிதம் எழுதத் தயாராக ஒருவர் இருக்கலாம். வாங்கி வைத்துக்கொள்ளும் தலைமையிடம் போய் யார் கேட்பது?