டெபியன் போட்டாச்சு, சுடோ வேல செய்யுதில்ல. சிஸ்டம் அட்மின் வேல எங்க இருந்து பழகுற?

களுவாஞ்சிப்பொடியன்:
ஏஎல் முடிச்சிட்டு ரிசல்ட் வரும்வரைக்கும் சும்மா இரிக்காம லினக்ஸ் சேர்வர் வேல பழகுவம் எண்டு தொடங்கினன். மாமாட கடையில ஒதுக்கிப் போட்ட டெஸ்க்டொப் ஒண்டு கிடக்கு, 4 ஜிபி ரேம். உபுண்டு லினக்ஸ்ட டெஸ்க்டொப் பதிப்பு 5 ஜிபிக்கு மேல இறக்கணும், டேட்டா காணாது, அதால இன்னொரு லினக்ஸான டெபியன்ட நெட் இன்ஸ்டோல் ஐஎஸ்ஓ (சின்ன இன்ஸ்டோல் பைல்) எடுத்தன், அது ஒரு ஜிபியும் வராது. இப்ப அட்மின் அதிகாரத்தில கொமாண்ட் ஓட்டுற சுடோவ அடிச்சா நான் சுடோயர்ஸ் பைல்ல (அதிகாரம் உள்ள ஆக்கள்ட பட்டியல்) இல்லயாம். எஸ்யூ அடிச்சு ரூட்டாகி (முழு அதிகாரமுள்ள யூசர்), என்ன சுடோ குறூப்ல சேர்க்க யூசர்மோட் குடுத்தா கொமாண்ட் நொட் பவுண்ட் எண்டுது. வீடியோ பாக்கக்குள்ள எல்லாம் விளங்குது, மறுகா கறுப்பு ஸ்கிறீனுக்கு முன்னால தனிய இருந்தா ஒண்டும் வருதில்ல. டவுனுக்குப் போய் கோர்ஸ் செய்யவா, தனியப் பழகலாமா?

ஆரையம்பதி அண்ணன்:
தம்பி, இன்ஸ்டோல் பண்ணக்குள்ள ரூட் பாஸ்வேர்ட் கேட்ட இடத்தில ஒண்டு குடுத்திருப்பீங்க. குடுத்தா டெபியன் உங்கள சுடோ குறூப்ல சேர்க்காது, அத வெறுமையா விட்டாத்தான் சேர்க்கும். யூசர்மோட் இல்லாம போகல்ல. அது யூஎஸ்ஆர் எஸ்பின் போல்டருக்குள்ள இரிக்கி, வெறும் எஸ்யூ அடிச்சா உங்கட பழைய பாத்தோடயே (கொமாண்டத் தேடுற போல்டர் பட்டியல்) ரூட்டாகுறீங்க, அதுல அந்த போல்டர் இல்ல. எஸ்யூ அடிச்சு ஒரு இடைவெளி விட்டு ஒரு சின்னக் கோடு போடுங்க, அப்ப ரூட்ட பாத் வரும். மறுகா அட்யூசர், உங்கட யூசர் பேர், கடைசில சுடோ. லொக்அவுட் பண்ணி திரும்ப உள்ள வாங்க, இல்லாட்டி மாறாது, அதுக்கும் ஒரு மணித்தியாலம் தலைய உடைப்பீங்க.
எல்லாருக்கும் எல்லா அனுமதியும் குடுக்கிற சிஎச்மோட் 777 போடச் சொல்லுற ஆக்கள்ட பேச்சு மட்டும் கேக்காதீங்க.

சாய்ந்தமருது நானா:
கோர்ஸ் பிறகு பாப்பம் மனே. கொமாண்ட் பாடமாக்கி ஒருத்தனும் அட்மின் ஆகல்ல. அந்தப் பெட்டிக்கு ஒரு வேல குடுங்க, அதுவும் ஆராவது ஒரு ஆள் நம்பி இரிக்கிற வேலயா இரிக்கட்டும். உங்கட மாமாட கடையில பில், ஸ்டொக் எக்செல் எல்லாம் பென்டிரைவ்லதான் அலையும், எனக்குத் தெரியும். நெட்வேர்க்கால போல்டரப் பகிர்ற சம்பாவப் போட்டு ஒரு ஷெயார் போல்டர் வைங்க, ராவைக்கு கிரொன்ல (குறிச்ச நேரத்துக்கு வேலயத் தானா ஓட்டுறது) ஆர்சிங்க் (மாறின பைலக் கொப்பி பண்ணுறது) ஓடி இன்னொரு டிஸ்க்குக்கு கொப்பி போகட்டும். இந்த ஒண்டுலயே யூசர், பேர்மிஷன், சேர்விஸ், நெட்வேர்க், பெக்கப் எல்லாம் வந்திடும், மாமாவும் திறக்குதில்ல எண்டு கோல் எடுப்பார், அந்த கோல்தான் உங்கட பரீட்ச.
சேர்விஸ் எழும்பல்லயா, கூகிளுக்கு ஓடாம சேர்விஸ்ட நிலையக் காட்டுற சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் பாருங்க, பிறகு லொக்கக் காட்டுற ஜர்னல்சிடிஎல். பழைய வீடியோக்கள்ல வார் லொக் சிஸ்லொக் எண்டு சொல்லுவாங்க, டெபியன் 12ல இருந்து அந்த பைல் தானா வராது, எல்லாம் ஜர்னலுக்குள்ளதான். மேன் பேஜுக்கு (பெட்டிக்குள்ளயே இரிக்கிற கொமாண்ட் விளக்கம்) டேட்டாவும் தேவல்ல.
மாரி காலத்தில கரண்ட் போய்ப் போய் வரும். டெபியன்ட பைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4ல ஜர்னல் (மாத்தங்கள முன்னமே குறிச்சு வைக்கிறது, லொக் ஜர்னல் வேற) இரிக்கிறதால பைல் சிஸ்டம் அநேகமாத் தப்பும், ஆனா அந்த நேரம் எழுதிக்கொண்டிருந்த பைலுக்கு பொறுப்பில்ல. சின்ன யூபிஎஸ் ஒண்டு வாங்குங்க. பெக்கப் டிஸ்க்க அதே மேசையில வைக்காதீங்க, வெள்ளம் வந்தா ரெண்டும் சேர்ந்துதான் மிதக்கும்.

திருக்கோவில்24:
நானா சொல்லுறது சரி, ஆனா வேலைக்கு எப்ளை பண்ணக்குள்ள சம்பா வச்சிரிக்கன் எண்டு சொன்னா ஆர் கேக்கப்போறாங்க? ஒரு பேப்பர் வேணும். எல்பிஐசி 1 எண்ட லினக்ஸ் சேர்டிபிகேட் எண்டா 101, 102 எண்டு ரெண்டு பரீட்ச, கேள்வி பதில்தான். ரெட் ஹெட் கொம்பனிட ஆர்எச்சிஎஸ்ஏ அப்படி இல்ல, மெசினத் தந்து இதச் செய் எண்டு விடுவாங்க, ரீபூட் பண்ணினாப் பிறகும் நிக்கணும். எனக்கு மதிப்பு ரெண்டாவதுலதான். காசு டொலர்ல கட்டணும், அதால அவசரப்படாதீங்க. பழகுறதுக்கு ரெட் ஹெட் லினக்ஸோட ஒத்துப்போற ரொக்கி இல்லாட்டி அல்மா சும்மா கிடைக்குது, வேர்ச்சுவல் மெசின்ல (கம்பியூட்டருக்குள்ள ஓடுற இன்னொரு கம்பியூட்டர்) போடலாம், 4 ஜிபிக்கு ஒண்டு தாங்கும், டெஸ்க்டொப் இல்லாம போடுங்க.

சாய்ந்தமருது நானா:
பேப்பர் வேணாமெண்டு நான் சொல்லல்ல. ஆள எடுக்கிற நேரம் நான் கேக்கிற கேள்வி ஒண்டு இரிக்கி: டிஸ்க்ட இடத்தக் காட்டுற டிஎஃப் அடிச்சா டிஸ்க் நிறைஞ்சு கிடக்கு, பைல்கள்ட அளவக் காட்டுற டியூ அடிச்சுக் கூட்டினா பாதியும் வரல்ல, மிச்சம் எங்க? பெரிய லொக் பைல ஆரோ அழிச்சிரிக்காங்க, சேர்விஸ் அத இன்னும் திறந்து வச்சிரிக்கி, மூடும்வரைக்கும் இடம் திரும்ப வராது. திறந்திருக்கிற பைல்களக் காட்டுற எல்எஸ்ஓஎஃப்ல பாத்தா தெரியும். சேர்டிபிகேட் வச்சவங்கள்லயும் நிறையப் பேர் முழிப்பாங்க. உங்கட பெட்டில வேணுமெண்டே இதச் செஞ்சு பாருங்க.

களுவாஞ்சிப்பொடியன்:
சுடோ சரி வந்திட்டு, நன்றி அண்ணா. சம்பாவும் போட்டன், போல்டர் தெரியுது. ஆனா ரவுட்டர ஓஃப் பண்ணிப் போட்டா சில நேரம் பெட்டிட ஐபி (நெட்வேர்க் விலாசம்) மாறுது, அப்ப கடை கம்பியூட்டர்ல திறக்குதில்ல.

ஆரையம்பதி அண்ணன்:
ரவுட்டர்ட பேஜுக்குள்ள டிஎச்சிபி ரிசர்வேஷன் இரிக்கும், அதுல பெட்டிட மேக் அட்ரஸக் (நெட்வேர்க் கார்ட்ட அடையாள எண்) குடுத்து ஒரு ஐபிய நிரந்தரமா ஒதுக்குங்க. பெட்டிப் பக்கம் ஒண்டும் மாத்தத் தேவல்ல.