கண்வலிக்கிழங்குப் பொடியை வாதவலிக்கு உட்கொள்ளலாமா?

கேள்வி
என் தந்தைக்கு யூரிக் அமிலம் கூடி, கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்குகிறது. போர்வை பட்டாலே துடிக்கிறார். மருத்துவர் கோல்சிசின் மாத்திரை எழுதியிருக்கிறார். அந்தச் சத்து செங்காந்தளில் (கண்வலிக்கிழங்குச் செடியில்) இருப்பதை அறிந்த உறவினர் ஒருவர், "வேலியில் படர்ந்து கிடப்பதைக் கடையில் ஏன் வாங்க வேண்டும்? கிழங்கைப் பொடித்துக் கால் கரண்டி கொடுங்கள்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில் 1
கூடவே கூடாது. மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம் என அளந்து வைத்த மருந்து; கிழங்கிலோ மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப அளவு மாறும், அதை வீட்டில் அறிய வழியில்லை. கோல்சிசின் செல்லுக்குள் டியூபுலின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு, செல் நகரவும் பிரியவும் தேவையான நுண்குழல்கள் உருவாகாமல் தடுக்கிறது. இதனால் வெள்ளணுக்கள் மூட்டில் படிந்த யூரேட் (யூரிக் அமில உப்பு) படிகங்களை நோக்கித் திரள்வது குறைந்து வீக்கம் வடிகிறது. அளவு மிஞ்சினாலோ, ஓயாமல் பிரிந்து பெருகும் குடல் செல்களும் எலும்பு மஜ்ஜை செல்களும் அதே செயலால் முடங்கிப்போகின்றன. சிறுநீரகப் பழுது உள்ளவர்களுக்கும் கிளாரித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை உட்கொள்பவர்களுக்கும் வழக்கமான அளவு மாத்திரையே நஞ்சாகலாம் என்பதால், தந்தை உட்கொள்ளும் பிற மருந்துகளையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பதில் 2
சித்த மருத்துவம் பயின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இக்கிழங்கு எங்கள் நூல்களிலும் நச்சு மூலிகைதான். சுத்தி செய்யாமல், அதாவது நச்சைத் தணிக்காமல், உள்மருந்தில் சேர்ப்பதில்லை. 1945ஆம் ஆண்டின் இந்திய மருந்து விதிகளும் இதை நச்சுப்பொருள் பட்டியலில் வைத்து, மருத்துவ மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்னும் எச்சரிக்கையைக் கோருகின்றன. உறவினர் சொல்லும் சுத்தி செய்யாத பொடிக்கு எந்த மரபிலும் இடமில்லை.

பதில் 3
திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் நாங்கள் இதைப் பயிரிடுகிறோம். பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி நிற்பதால் மகரந்தம் தானாகச் சேர்வது அரிது. காலையில் ஒவ்வொரு பூவாக மகரந்தத்தைக் கையால் தொட்டுவிட வேண்டும். இவ்வளவு பாடும் விதைக்காகத்தான். அதை வாங்கிச் செல்பவை மருந்து ஆலைகள். கலப்பை போல் கவைத்திருக்கும் கிழங்கை நடவுக்கு எடுத்துவைப்போமே தவிர, சமையற்கட்டுப் பக்கம் கொண்டுபோவதில்லை.

கேள்வி கேட்டவர்
நன்றி. மாத்திரையையே தொடர்கிறோம். தெரியாமல் யாரேனும் தின்றுவிட்டால் என்ன செய்வது?

பதில் 1
வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கவே சில மணி நேரம் ஆகலாம். அதுவரை காத்திராமல், மீதிக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எளிதில் கிடைக்கும் நச்சுமுறி மருந்து இதற்கு இல்லை. வயிற்றுப்போக்கு நின்றதும் வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள். இரத்த அணுக்கள் சரிவதும் உறுப்புகள் செயலிழப்பதும் பெரும்பாலும் அதற்குப் பின்னரே தொடங்குகின்றன.