லினக்ஸ் கெர்னல், ஆர்ம்64: ட்ரேசர் எக்ஸ்0-ஐ மாற்றினால் செக்காம்ப் பழையதையே பார்க்கிறது. இந்த பேட்ச் சரியா?

வரிப்புலி:
ஒரு ப்ராசஸ் சிஸ்டம் கால் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) நுழைவில் நிற்கும்போது, அதை பீட்ரேஸ் வழியாகக் கண்காணிக்கும் ட்ரேசர் எக்ஸ்0 ரெஜிஸ்டரை மாற்றினால், ஓடும் காலுக்குப் புது மதிப்பு போகிறது. எந்தக் காலை அனுமதிக்கலாம் என்று முடிவு செய்யும் செக்காம்ப் ஃபில்டருக்கும், கால்களைப் பதிவு செய்யும் ஆடிட்டுக்கும் பழையதே போகிறது. எக்ஸ்1 முதல் எக்ஸ்5 வரை இந்தத் தொல்லை இல்லை. ரிவியூவுக்கு வந்த பேட்ச், ட்ரேசர் ரெஜிஸ்டர்களை எழுதும்போது ஓடும் ஜிபிஆர்_செட் ஃபங்ஷனின் முடிவில் ‘ஆரிக்_எக்ஸ்0 = எக்ஸ்0’ என்று ஒரே வரி சேர்க்கிறது. ஓகே சொல்லலாமா?

அடுக்குநினைவகம்:
வேண்டாம். நோயைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள், மருந்து போட்ட இடம்தான் தப்பு. ஆர்ம்64-இல் முதல் ஆர்க்யுமென்ட்டும் ரிட்டர்ன் மதிப்பும் எக்ஸ்0-இலேயே. அதனால்தான் நுழையும்போதே கெர்னல் வைத்துக்கொள்ளும் ஆரிக்_எக்ஸ்0-இல் முதல் ஆர்க்யுமென்ட்டை நகல் எடுக்கிறார்கள். ட்ரேசருக்குத் தெரியும் 272 பைட் ரெஜிஸ்டர் தொகுப்பில் அது கிடையாது.

ஜிபிஆர்_செட் நுழைவில் மட்டும் கூப்பிடப்படுவதில்லை. பைப்பில் ரீட் காத்திருக்கும்போது சிக்னல் வந்தால், வெளியேறும் ஸ்டாப்பில் எக்ஸ்0 = -512, அதாவது ஈரீஸ்டார்ட்சிஸ் (காலை மறுபடி ஓட்டலாம் என்ற கெர்னலின் உள் குறியீடு). அங்கே ட்ரேசர் ரெஜிஸ்டர்களைப் படித்து, எதையும் மாற்றாமல் திருப்பி எழுதினாலே போதும், ஆரிக்_எக்ஸ்0-உம் -512 ஆகிவிடும். பிறகு கெர்னல் அதை எக்ஸ்0-இல் போட்டு, பிசியை (அடுத்து ஓடும் கட்டளையின் முகவரி) 4 பைட் பின்னே தள்ளி மறுபடி ஓட்டும். ஃபைல் டிஸ்கிரிப்டர் -512, கிடைப்பது ஈபேட்எஃப் (தவறான ஃபைல் டிஸ்கிரிப்டர் என்ற பிழை). சிக்னல் ஹேண்ட்லரை எஸ்ஏ_ரீஸ்டார்ட்டோடு (தடைபட்ட காலை மறுபடி ஓட்டச் சொல்லும் ஃப்ளாக்) வைத்து இதையே டெஸ்டாகக் கேளுங்கள்.

வரிப்புலி:
அப்படியானால் அந்த வரியை நுழைவுப் பாதையில், பீட்ரேஸ் ரிப்போர்ட் முடிந்து செக்காம்ப் தொடங்கும் முன் வைத்தால்?

svc அல்லாதவன் என்ற எஸ்விசி:
பாதிக் கிணறுதான் தாண்டும். செக்காம்ப் ரெட்_ட்ரேஸ் (ட்ரேசரிடம் கேள் என்ற விடை) கொடுத்தால் ப்ராசஸ் செக்காம்புக்கு உள்ளேயே ட்ரேசருக்காக நிற்கும். அங்கே எக்ஸ்0-ஐ மாற்றினால் ஃபில்டர் மறுபடி ஓடும், ஆனால் படிப்பது பழைய ஆரிக்_எக்ஸ்0-ஐத்தான். கெர்னல் 4.8-இல் செக்காம்பை பீட்ரேஸுக்குப் பின்னால் தள்ளியதே இந்த மாதிரி ஓட்டையை அடைக்கத்தான். முதல் ஆர்க்யுமென்ட்டுக்கு மட்டும் அது திறந்தே கிடக்கும்.

இன்னொன்று: கால் எண்ணை -1 ஆக்கி ஸ்கிப் செய்யும் ட்ரேசர், எக்ஸ்0-இல் வைப்பது ரிட்டர்ன் மதிப்பை. அதை ஆர்க்யுமென்ட் என்று நகலெடுக்கக் கூடாது. x86 வழக்கத்தில் வந்தவர்கள் இதில் தடுக்கி விழுவார்கள்: அங்கே ரிட்டர்ன் மதிப்புக்கான ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டர் முன்கூட்டியே -ஈநோசிஸ் (இப்படி ஒரு கால் இல்லை என்ற பிழை) ஆக இருக்கும், இங்கே ட்ரேசர் ஒன்றும் எழுதாவிட்டால் முதல் ஆர்க்யுமென்ட்டே விடையாகத் திரும்பும்.

அடுக்குநினைவகம்:
கெர்னல் 6.16-இல் வந்த பீட்ரேஸ்_செட்_சிஸ்கால்_இன்ஃபோ என்ற பீட்ரேஸ் கோரிக்கை இந்த இரண்டையும் பார்த்துக்கொள்கிறது. ஆர்க்யுமென்ட் எழுதும்போதே ஆரிக்_எக்ஸ்0-ஐயும் மாற்றும், செக்காம்ப் ஸ்டாப்பிலும் வேலை செய்யும், எண் -1 என்றால் ஆர்க்யுமென்ட்டைத் தொடாது. பேட்ச் அனுப்பியவரிடம், ட்ரேசரை இதற்கு மாற்ற முடியாத காரணத்தை கமிட் மெசேஜில் எழுதச் சொல்லுங்கள். செல்ஃப்டெஸ்டில் செக்காம்ப்_பிபிஎஃப், செட்_சிஸ்கால்_இன்ஃபோ இரண்டின் முடிவும் இல்லாமல் ரிவியூட்-பை (பார்த்து ஒப்புக்கொண்டேன் என்ற குறிப்பு) கொடுக்காதீர்கள்.