புதுப்பிப்பு: உகாண்டா காட்டுப் பயிற்சிக்கு முதல்ல ஊசி

மலைக் கொரில்லாக்கள் வாழுற உகாண்டாவின் பிவிண்டி தேசியப் பூங்காவில் பயிற்சிக்குப் போறவங்களுக்கு பாஸ்போர்ட், விசா பத்தி மட்டும்தான் போன பதிவுல எழுதியிருந்தேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி விட்டுப்போச்சு. அதுதான் முதல் வேலை. சென்னையில ராயபுரம், தண்டையார்பேட்டைக்காரங்களுக்கு ஊசி போட ராஜாஜி சாலை துறைமுக சுகாதார அலுவலகம் பக்கம். நாள் கேட்டுக்கிட்டு, பாஸ்போர்ட்டோட போங்க. ஊசி போட்ட 10 நாள் கழிச்சுத்தான் சான்றிதழ் செல்லும், அப்புறம் ஆயுசுக்கும் போதும். சான்றிதழா தர்ற மஞ்சள் அட்டையில பாஸ்போர்ட் எண் ஒரு இலக்கம்கூட பிசகக் கூடாது; அங்கேயே நின்னு சரிபாருங்க. முட்டை ஒவ்வாமை இருந்தா டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

காட்டுல ஜீன்ஸ் வேண்டாம், ஈரம் காயவே காயாது. பேன்ட் நுனியை சாக்ஸுக்குள்ள செருகுங்க, எறும்பு ஏறாது. சளி, இருமல் இருந்தா கொரில்லா பக்கமே போகாதீங்க. நமக்குச் சாதாரண சளி, அதுங்க உயிரையே எடுத்துடும். முகக்கவசம் போட்டு, 10 மீட்டர் தள்ளியே நில்லுங்க.